பெயரில்லாத கல்லுக்கு ஒரு சொல்

உயிரோடிருந்த ஒருவர் தன்னுடைய கல்லறைக் கல்லைப் பார்க்க எங்கள் கடைக்கு வந்திருந்தார். கையில் கோப்பிக் கோப்பை, தலையில் கம்பளித் தொப்பி. கல்லின் இடது பக்கத்தில் அவருடைய மனைவியின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. வலது பக்கத்தில் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, பிறகு வெறுமை. அந்த வெறுமையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இடம் போதுமா என்று என்னிடம் கேட்டார். நாலு இலக்கத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்! போதும் என்றேன். "நூறு வயது வரைக்கும் இருங்கள், இதற்கென்ன அவசரம்" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, "மகாரி!" என்றார்.

இத்தாலியன்களிடம் உனக்குப் பிடித்த சொல் எது என்று கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் எவ்வளவு நல்லது, ஆனால் நடக்காது என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் ஆசைப்படுகிறேன். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஆசையை ஒளிக்க வேண்டியதில்லை, அதற்காக வெட்கப்படவும் வேண்டியதில்லை, அதனால்தான் பிடிக்கும் என்று கிழவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன்னுடைய பெயரை இன்னொரு தரம் தடவிக்கொண்டு கோப்பியைக் குடித்து முடித்தார். நான் அந்தக் குளிர்காலம் முழுவதும் தூக்கமில்லாமல் அலைந்ததற்குக் காரணமும் ஒரு கல்லில் கிடந்த உயிருள்ள ஆளின் பெயர்தான். அந்தப் பெயர் என்னுடையது.

நான் ரொறன்ரோவுக்கு வடமேற்கே, வோனில், லொறிகள் போய்வரும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் கல்லறைக் கல் கடையில் எழுத்து வெட்டுகிறவன். கொம்பியூட்டரில் எழுத்தை அடுக்கி, ரப்பர் தாளில் வெட்டி, அதைக் கல்லின்மேல் ஒட்டி, கூண்டுக்குள் வைத்து மணலை வீசி அடிக்க வேண்டும். ரப்பர் இல்லாத இடம் குழியும். அந்தக் குழிதான் எழுத்து. முதலாளி இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் இருந்து இளம் வயதில் வந்தவர். வருகிறவர்களில் முக்கால்வாசி அவருடைய ஆட்கள். தமிழர் நிறைந்த வெக்ஸ்போர்ட்டிலிருந்து இத்தாலியனுக்குக் கல் வெட்ட ஒருத்தன் போகிறான் என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களுக்குக் கல் தேவையில்லை, எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்துவிடுவோம். அதனால் எனக்குள்ளே ஒரு நிம்மதி இருந்தது, என் வீட்டு ஆட்களுடைய எழுத்து ஒருநாளும் என் கையால் வெட்டுப்படாது என்று.

ஆனால் கைக்குழந்தையை எரிப்பதில்லை.

கலியாணம் கட்டி வெகுகாலத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இதயத்தில் குறையோடு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். முப்பத்தொன்று வரவில்லை. அதற்கு முதலே போய்விட்டாள். றிச்மண்ட் ஹில்லுக்கு அப்பால் ஒரு மயானத்தில், சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் மூலையில், ஒக்டோபர் மழைக்குள் அவளைப் புதைத்தோம். பெட்டியை நான்தான் தூக்கிப் போனேன். அதற்கு இரண்டு கை தேவைப்படவில்லை.

பெயர் வைப்போமா என்று அப்போதே கேட்டேன். "வேண்டாம் தம்பி," என்றார் மாமி, என் மனைவியின் தாய். "முப்பத்தொண்டுக்கு முதல் போனதுக்குப் பேர் வைக்கக் கூடாது. பேர் வைச்சா ஆசை கூடும், பிள்ளை போகாது. இஞ்சையே சுத்திக்கொண்டு நிக்கும்."

நிற்கட்டுமே என்று எனக்கு வாய்வரை வந்தது. செத்த வீட்டில் மாமியோடு சண்டை பிடிக்கிற விசரன் நானில்லை. என் மனைவி மூலையில் கதிரையில் இருந்தாள்.

மயானத்துக்காரர்கள் அந்த மூலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிச் சின்னக் கல் ஒன்று பதிப்பார்கள். ஆஸ்பத்திரிக் கடதாசியில் இருந்ததை அப்படியே அதில் போட்டுவிட்டார்கள். மேலே ஆங்கிலத்தில் பேபி கேர்ள். கீழே என்னுடைய பெயர். அவர்களில் பிழையில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பனின் பெயர் பிள்ளைக்கும், புருஷனின் பெயர் பெண்சாதிக்கும் பின்னால் வரும். வெள்ளைக்காரனுக்கு அது குடும்பப் பெயர். எங்களுக்கு அது ஓர் ஆள். அந்த ஆள் நான், உயிரோடு, குடை பிடித்துக்கொண்டு அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

என் மனைவி கல்லைப் பார்த்தாள். திரும்பி நடந்து போய்க் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஓடிப் போனேன்.

"உந்தக் கல்லை எடுங்கோ."

"மயானத்து ஆக்கள் போட்டது. அவைக்கு எங்கட பேர் விசயம் விளங்காது."

"எனக்கு அது தேவையில்லை. பிள்ளையைக் குடுத்தாச்சு. உங்கட பேரையும் குழிக்கை வைச்சிட்டு என்னால வந்து நிக்கேலாது. அதை எடுத்தாப் பிறகு வாறன்."

சொன்னபடியே செய்தாள். பிறகு அவள் அந்தப் பக்கமே வரவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே போய்ப் பனியைத் தட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால், அவள் என் சப்பாத்தில் ஒட்டியிருக்கும் மண்ணையே பார்ப்பாள். தாய் ஒருத்தி மண்ணைப் பார்க்கிற பார்வை அது. அவளை அங்கே கொண்டுபோய் விடாவிட்டால் அவள் இந்த வீட்டுக்குள்ளேயே கல்லாகிப் போவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மயானத்துக் கந்தோரில் போய்க் கேட்டேன். கல்லை மாற்றலாம், உங்கள் கடைக் கல்லையே வைக்கலாம், ஆனால் வெறும் கல் வைக்க முடியாது, ஏதாவது ஒரு சொல் இருக்க வேண்டும் என்றார்கள். அதுவும் நிலம் இளகிய பிறகுதான், மே மாதம்.

முதலாளி கதையைக் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். அவருடைய பெயரும் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் தயாராக இருக்கிறது, அதற்கு முன்னால் நின்று படமெடுத்துப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பியவர். ஒரு பெயருக்கு இவ்வளவு பயமா என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பின்பக்கம் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கிரனைட் துண்டைத் தேடி எடுத்து, தூசு துடைத்து, என் மேசைக்கு அருகில் வைத்தார். "சொல்லை நீ கொண்டு வா," என்றார்.

நல்ல சொல்லாகத்தான் தேடினேன். தமிழில் இல்லாத சொல்லா என்று நீங்கள் கேட்பீர்கள். செல்லம், குஞ்சு, ராசாத்தி, கண்ணு, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் அழித்தேன். அவை வாய்விட்டுக் கூப்பிட்ட சொற்கள், அவள் வயிற்றில் இருக்கும்போதே நாங்கள் இரண்டு பேரும் கூப்பிட்டுத் தேய்த்த சொற்கள். மாமியும் விட மாட்டார், தமிழில் எதை எழுதினாலும் அது பெயர் வைத்ததுதான் என்றார். சரி, தமிழ் வேண்டாம். என்னைச் சுற்றி நாள் முழுவதும் வேறொரு பாஷை கேட்டுக்கொண்டே இருக்கிறதே!

அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கத் தொடங்கினேன், உங்களுக்குப் பிடித்த சொல் எது, ஏன் பிடிக்கும் என்று. துக்கத்தில் வருகிற சனம் இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கும் என்று நினைத்தேன். எங்கே! கல்லுக்கு எந்த நிறம் என்று கேட்டால் அழுகிறவர்கள், சொல்லைப் பற்றிக் கேட்டால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார்கள்.

புருஷனை இழந்த ஒரு மனுசி பத்சியென்சா என்றாள். அகராதியில் பொறுமை. ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது பொறுமையே இல்லை. ரொட்டி கருகினாலும் பத்சியென்சா, பஸ் தவறினாலும் பத்சியென்சா, புருஷன் செத்தாலும் பத்சியென்சா. தோளைத் தூக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறது. எங்கள் ஆட்கள் "என்ன செய்யிறது" என்று மூச்சு விடுவோமே, அதுதான். யாரும் ஆறுதல் சொல்ல வராமல் வாசலிலேயே மறித்துவிடும், அதனால் அந்தச் சொல்லில் தனக்கு விருப்பம் என்றாள். வீட்டில் போய்ச் சொன்னேன். "பொறுத்தது காணும்," என்றாள் என் மனைவி. அதோடு அந்தச் சொல் முடிந்தது.

கல் அறுக்கிறவன் இன்னொரு சொல்லைச் சொன்னான்: பொஹ். அது சொல்லா, மூச்சா என்று எனக்குத் தெரியாது. உதட்டைப் பிதுக்கி விடுகிற காற்று. எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியப் போவதில்லை என்று பொருள். "கெட்டிக்காரன் மாதிரி நடிக்கத் தேவையில்லை, அதுதான் பிடிக்கும்," என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. என் மகளுக்கு ஏன் அப்படி ஒரு இதயம் என்று வைத்தியர்களிடம் கேட்டிருந்தேன். அவர்கள் நல்ல மனுசர், தங்களால் ஆனதெல்லாம் செய்தவர்கள். சதவீதம், மரபணு, ஆய்வு என்று நிறையச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பொஹ்.

முதலாளியின் சொல் மன்னாஜா. கல் ஓரம் உடைந்தால் மன்னாஜா, வரிக் கடிதம் வந்தால் மன்னாஜா. யாரையும் குறித்துத் திட்டாமல் உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் திட்டிவிடலாம். அதே வேலைக்கு எங்களிடம் கோதாரி இருக்கிறது என்று நான் சொல்லிக் கொடுத்ததில், இப்போது அவர் கல் உடைந்தால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். கல்லறைக் கடைக்குள் சிரிப்பு வருகிறதென்றால் அது இப்படித்தான் வரும்.

சிசிலிக்காரி ஒருத்தி ஜோயா என்றாள். மகிழ்ச்சி என்று பொருள். அவர்களுடைய ஊரில் குழந்தையை, கடைக்காரனை, தெருவில் வழி கேட்கிறவனைக்கூட என் ஜோயா என்றுதான் கூப்பிடுவார்களாம். என்னையும் அப்படிக் கூப்பிட்டுவிட்டுத்தான் போனாள். எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஐந்து எழுத்து எடுத்து, வளைவாக அடுக்கி, கடதாசியில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி பருப்பு கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்ன கருத்து?"

"சந்தோசம்."

கையை உதறித் துடைத்துக்கொண்டு அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தாள். "சந்தோசத்தை ஆரும் கொண்டுபோய் மண்ணுக்குள்ளை தாழ்ப்பினமே?" என்று கேட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். கடதாசியைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுப் பருப்பைத் தொடர்ந்து கழுவினாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்கவில்லை. "ஒண்டும் பிடிக்காட்டி நீரே ஒரு சொல்லைச் சொல்லுமன்!" என்று குரலை உயர்த்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. பிறகு குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கதைக்க நான் முயலவில்லை.

மார்ச் மாதம், பனி கறுத்துக் கிடந்த ஒருநாள், ஒரு வயதான மனுசி தன் மகளோடு கடைக்கு வந்தாள். பழைய கல் ஒன்றின் எழுத்துக்குத் திரும்பப் பொன் நிறம் பூச வேண்டும். படத்தைப் பார்த்தேன். ஒரு சின்னக் கல். பெயரில்லை. ஒரே ஒரு சொல், எழுத்து பாதி அழிந்து. கிரெயாத்தூரா. கனடாவுக்கு வந்த புதிதில் பிறந்து உடனே இறந்த பிள்ளை, ஞானஸ்நானம் கொடுக்க நேரம் கிடைக்கவில்லை, அதனால் பெயரில்லை என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

இது என்ன சொல் என்று கேட்டேன். கிழவி கையை இரண்டு பக்கமும் விரித்து, பிறகு ஒன்றாய்ச் சேர்த்து, உள்ளங்கைக்குள் ஏதோ இருக்கிற மாதிரிப் பிடித்துக் காட்டினாள். மகள்தான் விளக்கினாள். படைக்கப்பட்டது என்று நேர்க் கருத்து. ஆனால் அவர்களுடைய ஊர்ப் பேச்சில் அது குழந்தை. பிறந்த பிள்ளையும் கிரெயாத்தூரா, கூட்டிலிருந்து விழுந்த குருவியும் கிரெயாத்தூரா, நோயில் கிடக்கிற கிழவனும் கிரெயாத்தூரா. பாவம் என்கிற இரக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏன் அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று கேட்டேன். கிழவி மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, உடைந்த ஆங்கிலத்தில் தானே பதில் சொன்னாள்: "பாதிரியார் பெயர் தரவில்லை. இதற்கு எவனிடமும் கேட்கத் தேவையில்லை."

இதைவிட வேறென்ன வேண்டும்! அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன, நான் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே ஓட்டினேன். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கதவடியில் நின்று கதை முழுவதையும் சொன்னேன், அந்தக் கிழவியின் கை எப்படிக் குவிந்தது என்பதையும். என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அதுக்குள்ளை உங்கட பேர் இல்லைத்தானே?"

"இல்லை. ஆரின்ர பேரும் இல்லை."

"அப்ப வாறன்," என்றாள்.

பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "வடிவான சொல்தான்," என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமியிடம் போனில் சொன்னேன், இது பெயரில்லை, பொதுச் சொல், குருவிக்கும் சொல்லுவார்கள் என்று. "சரி தம்பி," என்றார். அவரும் அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. அவர்மேல் இருந்த கோபமும் எனக்கு அன்றோடு போய்விட்டது.

எழுத்தை நானே வெட்டினேன். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். ரப்பரை உரித்தெடுத்தபோது எழுத்துகள் வெள்ளையாகக் கிடந்தன. ஊதித் தூசைத் தட்டிவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். கல் இன்னும் சூடாக இருந்தது.

மே மாதம் நிலம் இளகியது. பழைய கல்லை எடுத்துவிட்டுப் புதியதைப் பதித்தார்கள். என் பெயர் இருந்த கல்லை நான் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் உடைத்துத் தூளாக்கிவிட்டேன், அதற்கு முதலாளி இரண்டு பாஷையிலும் திட்டினார், நல்ல கல்லாம். அடுத்த ஞாயிறு என் மனைவி என்னோடு வந்தாள். மடியில் மல்லிகைப்பூப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தாள்.

கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். இந்த முறை திரும்பிப் போகவில்லை. மெல்ல முழந்தாளிட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொன்னேன். அவளும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், சரியாகத்தான் வந்தது. எனக்குக் கண் கலங்கியது. ஒரு குளிர்காலம் முழுவதும் தேடினது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் காரடியிலை போய் நில்லுங்கோவன்," என்றாள்.

"ஏன்?"

"நான் அவளைக் கூப்பிட வேணும்."

"கூப்பிடுமன். நானும் நிக்கிறன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பூவைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் முதல் நாளே பேர் வைச்சிட்டன். அந்தக் கண்ணாடிப் பெட்டியின்ர ஓட்டைக்குள்ளாலை கையை விட்டுக்கொண்டு சொன்னனான். சொன்னவுடனை தலையைத் திருப்பினவள். கடைசி நாள் வரைக்கும் அந்தப் பேருக்குத் திரும்பினவள்."

இத்தனை மாதமும்! பத்சியென்சா, ஜோயா என்று ஊரான் சொற்களை நான் பொறுக்கிப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நேரமெல்லாம் அவளிடம் பெயர் இருந்திருக்கிறது. அந்தக் குழாயடியில் அவள் வாயெடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"என்ன பேர்? எனக்குச் சொல்லும்."

"இல்லை."

"நான் தகப்பன்!"

"ஓம். அவள் என்ர வாயாலை மட்டும்தான் அதைக் கேட்டவள். வேற ஆரும் சொல்லி அவளுக்குத் தெரியாது. அதை வெளியிலை விட்டா, பிறகு கல்லிலை போடுங்கோ, அர்ச்சனைக்குச் சொல்லுங்கோ, வைக்கலாமோ கூடாதோ எண்டு எல்லாரும் கதைப்பினம். எனக்கெண்டு மிஞ்சினது அது ஒண்டுதான்." பிறகு கல்லில் கையை வைத்தாள். "நீங்கள் உதைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. உங்களுக்கும் ஒண்டு வேணும்தானே."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. கத்த வேண்டும் போலிருந்தது. அவளுடைய முதுகைப் பார்த்தேன். அது ஏற்கெனவே குலுங்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒக்டோபருக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் திரும்பிக் காரடிக்கு நடந்தேன்.

அங்கிருந்து பார்த்தேன். அவள் முகத்தைக் கல்லோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். வேலிக்கு அப்பால் லொறிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. என் மகளின் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் எனக்குத் தந்த சொல்லை மெதுவாகச் சொல்லிக் கூப்பிட்டேன்.